ஒரு சந்தைத் திடலும் இரண்டு விலைக் கவர்களும்

சேலம் மாவட்டத்தில் உள்ள ஒரு நகராட்சி, பழைய வணிக வளாகத்தையும் சந்தைத் திடலையும் தனியாரைக் கொண்டு புதிதாகக் கட்ட டெண்டர் விட்ட கதை இது. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. தலைவர், ஆணையர், கடைக்காரர்கள், டெண்டர் போட்டவர்கள் எல்லாரும் இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறார்கள். எண்களையும் ஆள் தெரியாதபடி கொஞ்சம் முன்பின்னாக மாற்றியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறாது. டெண்டர் ஆவணத்தை எழுதிக் கொடுத்த மூன்று பேரில் நான் ஒருவன். எங்கள் அலுவலகம் அஸ்தம்பட்டியில். கீழே வரும் தவறுகளில் பெரியது என் கையால் நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

ஊரின் நடுவில், பேருந்து நிலையத்தை ஒட்டி, 1 ஏக்கர் 62 சென்ட் நகராட்சி இடம். முன்பக்கம் இரண்டு மாடி வணிக வளாகம், பின்பக்கம் வாரச் சந்தை கூடும் திடல். வளாகம் கட்டி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கீழே 64 கடைகள். மாடியில் இருந்த கடைகளில் பாதிக்கு மேல் பூட்டியே கிடந்தன. கூரையில் கம்பி தெரிந்தது, மழை பெய்தால் படிக்கட்டில் தண்ணீர் நின்றது. மாம்பழ சீசனில் திடலில் நடக்கவே இடம் இருக்காது. மற்ற மாதங்களில் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

இடிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பணம்தான் இல்லை. சேலம் பழைய பேருந்து நிலையம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஈரடுக்காகி 2023-ல் திறக்கப்பட்ட பிறகு, மன்றக் கூட்டத்தில் "சேலத்துல கட்டின மாதிரி நமக்கும் ஒண்ணு" என்ற பேச்சு அடிக்கடி வந்தது. அது அரசுப் பணத்தில் கட்டியது. நம் நகராட்சிக்கு அந்தத் திட்டம் கிடையாது. மாதச் சம்பளமும் மின் கட்டணமும் கொடுத்த பிறகு கையில் நிற்பது சொற்பம். ஆகவே தனியார் கட்டட்டும், முப்பது ஆண்டு நடத்தட்டும், நமக்கு வாடகை கொடுக்கட்டும் என்ற யோசனை எழுந்தது.

யோசனை எழுந்த அதே வாரத்தில் சேலத்துக் கட்டுமான நிறுவனம் ஒன்று தலைவரைப் பார்க்க வந்தது. ஏழு மாடி மால், மூன்று தியேட்டர், அடித்தளத்தில் கார் நிறுத்தம், எல்லாம் வண்ணப் படமாக. படத்தில் ஷெவராய் மலை கட்டடத்துக்குப் பின்னால் நீலமாகத் தெரிந்தது. மலை உண்மையில் எதிர்த் திசையில் இருக்கிறது என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. "நீங்க ஒரு தீர்மானம் போட்டுக் கொடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார்கள்.

கேட்காமல் வந்த முன்மொழிவு

ஆணையர் புதிதாக வந்தவர், வயதில் இளையவர். அவர் தீர்மானத்துக்கு அவசரப்படவில்லை. எங்களை அழைத்து இரண்டு கேள்வி கேட்டார். நகராட்சி கேட்காமலேயே ஒருவர் கொண்டுவரும் திட்டத்தை அப்படியே ஏற்கலாமா? ஏற்கக் கூடாதென்றால் என்ன செய்வது?

இதற்கு 'சுவிஸ் சேலஞ்ச்' என்று ஒரு வழி உண்டு. முதலில் வந்தவரின் திட்டத்தைப் பொதுவில் வைத்து, இதைவிட மேலாகத் தருபவர் உண்டா என்று கேட்பது. யாராவது தந்தால், அதே விலைக்கு ஈடுகொடுக்கும் வாய்ப்பை முதலில் வந்தவருக்குக் கொடுப்பது. மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் 2009-ல் உச்ச நீதிமன்றம் இந்த முறையை ஏற்றுக்கொண்டது. ஆனால் எந்தெந்தத் திட்டத்துக்கு, எப்படி என்பதை அரசு முன்கூட்டியே வெளிப்படையாக வகுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. பிறகு 2015-ல், அரசு தனியார் கூட்டுத் திட்டங்களை ஆராய்ந்த கேல்கர் குழு, இந்த முறையை ஊக்குவிக்காதீர்கள் என்றே பரிந்துரைத்தது. முதலில் வந்தவருக்கு மட்டும் எல்லாத் தகவலும் தெரிந்திருக்கும், மற்றவர்கள் இருட்டில் விலை போடுவார்கள் என்பதுதான் காரணம்.

எங்கள் நகராட்சியில் அப்படி வகுத்த விதி எதுவும் இல்லை. இடத்தைப் பற்றிய தகவலும் முதலில் வந்தவரிடம்கூடச் சரியாக இல்லை. எனவே படங்களை நன்றியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, பொதுவாக அழைப்பு விடலாம் என்று முடிவானது. அந்த நிறுவனத்துக்கு வருத்தம்தான். "ஐடியா எங்களுது சார்" என்று எழுத்திலும் கொடுத்தார்கள்.

முதல் அழைப்பு

இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வந்தது. 'நகர மையத்தை மேம்படுத்தத் தங்கள் கருத்துருவையும் நிதி முன்மொழிவையும் அளிக்கலாம்' என்பது அதன் சாரம். திறந்த மனதோடு கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டோம்.

நான்கு பேர் கொடுத்தார்கள். ஒன்று, அதே தியேட்டர் மால். இரண்டாவது, கல்யாண மண்டபமும் கீழே கடைகளும். மூன்றாவது, ஒரே ஒரு பெரிய ஜவுளிக் கடை. நான்காவது, மருத்துவமனை. ஒருவர் 30 ஆண்டு கேட்டார், இன்னொருவர் 60. ஒருவர் வருமானத்தில் பங்கு தருவதாகச் சொன்னார், ஒருவர் இடத்தை வழிகாட்டி மதிப்புக்கு விலைக்கே கேட்டார்.

மதிப்பெண் போட ஐந்து பேர் கொண்ட குழு. நூற்றுக்கு முப்பது மதிப்பெண் 'நகரின் அழகுக்கும் வளர்ச்சிக்கும் பங்களிப்பு' என்ற தலைப்பில் இருந்தது. ஒரே படத்துக்கு ஐவரும் போட்ட மதிப்பெண்: 8, 12, 15, 24, 28. யாரும் பொய்யாகப் போடவில்லை. கல்யாண மண்டபம் வந்தால் ஊர் வளரும் என்று ஒருவர் நம்பினார், போக்குவரத்து நாறிவிடும் என்று இன்னொருவர் நம்பினார். ஊருக்கு என்ன வேண்டும் என்று நகராட்சியே தீர்மானிக்காதபோது மதிப்பெண் தாளால் அதைத் தீர்மானிக்க முடியாது.

இதற்கிடையே வியாபாரிகள் சங்கச் செயலாளர் ஆணையரைப் பார்க்க வந்தார். உடன் பத்துப் பேர். கோபமாக வரவில்லை. "கடையை இடிக்கறதை நாங்க வேண்டாங்கலைங்க சார். எங்களை எங்க வெப்பீங்கன்னு அந்தப் பேப்பர்ல எங்கயாவது எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டார். எழுதவில்லை. நான்கு முன்மொழிவிலும் இல்லை, எங்கள் அழைப்பிலும் இல்லை.

முதல் அழைப்பை ரத்து செய்ய ஆணையர் பரிந்துரைத்தார். மன்றத்தில் சத்தம் வந்தது. எட்டு மாதம் வீண் என்றார்கள். ஆனால் எந்தக் கருத்துருவையும் இன்னொன்றோடு ஒப்பிட முடியவில்லை என்பதைக் குழுவே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்ததால், தீர்மானம் நிறைவேறியது.

இடத்தை எண்ணிப் பார்த்த ஐந்து மாதம்

இந்தக் கட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு மட்டும், முழுத் திட்டத்திலும் பயன்பட்ட வேலை இதுதான் என்று தோன்றுகிறது.

முதலில் நில ஆவணம். நகர் நில அளவைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால், 162 சென்ட்டில் 18 சென்ட் ஓடைப் புறம்போக்கு. திடலின் கிழக்கு ஓரத்தில் சிமென்ட் பலகை போட்டு மூடியிருந்த சாக்கடை என்று எல்லாரும் நினைத்தது, பதிவேட்டின்படி ஓடை. நீர்நிலைப் புறம்போக்கைக் குத்தகைக்குக் கொடுக்க முடியாது. மிஞ்சியது 144 சென்ட், அதாவது ஏறத்தாழ 62,700 சதுர அடி. 2019-ன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி சாதாரணமாக மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். எங்கள் சாலை அகலத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்தினால் அதற்கு மேல் 40 சதவீதம். ஆக உச்சமே 1,75,000 சதுர அடிதான். ஏழு மாடி மால் படத்தில் இருந்தது இரண்டு லட்சத்துக்கும் மேல். முதல் நாளே இந்தப் பெருக்கலைப் போட்டிருந்தால் அந்தப் படத்தை வைத்து யாரும் கனவு கண்டிருக்க மாட்டோம்.

அடுத்தது கடைக் கணக்கு. நகராட்சிப் பதிவேட்டில் 64 பெயர். வருவாய் உதவியாளரும் எங்கள் பையனும் மூன்று நாள் கடை கடையாகப் போனார்கள். பெயர் இருப்பவரே கடை நடத்துவது 41-ல் மட்டும். மீதி 23 கடைகளில் உள்வாடகை. நகராட்சிக்கு 2,800 ரூபாய் கட்டிவிட்டு, உள்ளே இருப்பவரிடம் 11,000, 12,000 என்று வாங்குகிறார்கள். பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவர் இறந்து ஆறு ஆண்டு, மகன் பெங்களூரில். உள்ளே தையல் கடை வைத்திருக்கும் அம்மாவுக்கு நகராட்சியின் கண்ணில் இருப்பே இல்லை. புதுக் கடையை யாருக்குக் கொடுப்பது? பெயர் உள்ளவருக்கா, உட்கார்ந்திருப்பவருக்கா? இதற்குத் தொண்டு மனம் மட்டும் போதாது, சட்ட ஆலோசனையும் வேண்டும். உள்வாடகை ஒப்பந்த மீறல் என்பதால், பெயர் உள்ளவர் தானே வந்து கடை நடத்துவதாக இருந்தால் மட்டும் உரிமை. இல்லையென்றால் அந்தக் கடை பொது ஏலத்துக்கு. ஏலத்தில் அப்போது உள்ளே இருப்பவரும் கலந்துகொள்ளலாம். எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. இதைவிட நியாயமாக எனக்கு வேறு தோன்றவும் இல்லை.

மூன்றாவது, திடல். பூ, காய்கறி, மாம்பழம் விற்பவர்கள் கடைக்காரர் பட்டியலில் வர மாட்டார்கள். ஆனால் 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவைக் கேட்காமல் அவர்களை இடம் மாற்றக் கூடாது. மாற்றுவதானாலும் 30 நாள் அறிவிப்பு வேண்டும். அந்தக் குழுவில் பத்தில் நான்கு பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் குழு காகிதத்தில் இருந்தது. அதைக் கூட்டினோம். பூ விற்கும் ஒரு அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மேக்கே பாத்த மாதிரி போட்றாதீங்க சாமி, சாயங்கால வெயில்ல பூ வாடிப் போயிரும்." குறித்துக்கொண்டோம்.

இரண்டாவது அழைப்பு

இப்போது கேள்வியைத் திருப்பிப் போட்டோம். என்ன கட்டலாம் என்று அவர்களைக் கேட்கவில்லை. என்ன கட்டியே ஆக வேண்டும் என்று நாங்கள் சொன்னோம். தரைத் தளத்தில் பழைய கடைக்காரர்களுக்கு அதே அளவில் கடை. இடிப்பதற்கு முன்பே பேருந்து நிலையத்தின் பின்புறம் தகரக் கொட்டகையில் தற்காலிகக் கடைகள், அதுவும் டெண்டர் எடுப்பவர் செலவில். கூரையோடு சந்தை மேடை. கட்டணமில்லாத கழிப்பறை. இருசக்கர வாகனம் 400 நிறுத்த இடம். ஓடை திறந்து விடப்பட்டு இருபுறமும் சுவர். இவற்றைக் கட்டிய பிறகு மேலே எஞ்சும் பரப்பில் அவர் விருப்பம்: மண்டபமோ, ஜவுளியோ, அலுவலகமோ.

நடைமுறைக்கு இரு கவர் முறை. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998 அரசு வாங்கும் பணிகளுக்கானது. இடத்தைக் குத்தகைக்குக் கொடுப்பது அதில் வராது என்று வாதிட இடமுண்டு. ஆணையர் அந்த வாதத்துக்குள் போகவில்லை. "வந்தாலும் வராட்டியும் அந்த ஒழுங்குலயே போயிடலாம்" என்றார். 30 நாள் அவகாசம், பொது அறிவிப்பு, முதலில் தகுதிக் கவர், தகுதி பெற்றவர்களின் விலைக் கவரை மட்டும் எல்லார் முன்னிலையில் திறப்பது.

தகுதிக் கவரில் அழகுக்கு மதிப்பெண் இல்லை. நிகர சொத்து மதிப்பு, முடித்த வேலையின் பரப்பு, வங்கியின் கடிதம், வரைபடம் நம் நிபந்தனைகளை நிறைவேற்றுகிறதா. இவை பெரும்பாலும் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. இதோடு பொறியாளர் ஒரு வேலையைத் தானாகச் சேர்த்துக்கொண்டார். போட்டியாளர்கள் ஏற்கெனவே நடத்தும் வளாகங்களுக்கு அறிவிக்காமல் போனார். மதியம் மூன்று மணிக்குப் போய், முதலாளியைப் பார்க்காமல், இரண்டாவது மாடியில் செல்போன் கடை வைத்திருப்பவரிடம், "தம்பி, லிஃப்ட் நின்னா எத்தனை நாள்ல ஓடும்?" என்று கேட்டார். கழிப்பறைக் குழாயைத் திறந்து பார்த்தார். அந்த இரண்டு பக்கக் குறிப்பு, முப்பது பக்கச் சான்றிதழைவிட எங்களுக்கு அதிகம் சொன்னது.

பிரீ-பிட் கூட்டத்தில், அதாவது விலை போடும் முன் போட்டியாளர்கள் சந்தேகம் கேட்கும் கூட்டத்தில், 61 கேள்விகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தயாரித்து, கேட்டவர் பெயர் இல்லாமல், எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்பினோம். அந்தப் பதில்களை நான்தான் எழுதினேன். 37-வது கேள்வி: கட்டுமானம் நடக்கும் காலத்துக்கு வாடகை உண்டா? இரவு பதினொரு மணிக்கு நான் எழுதிய பதில்: 'இது குறித்து முன்மொழிபவர் தம் கவரில் தெரிவிக்கலாம்.' ஆவணத்தின் வேறொரு பக்கத்தில், அதையும் நானே எழுதியது, 'நிபந்தனையுடன் கூடிய விலைக் கவர் ஏற்கப்படாது' என்று இருந்தது.

விலைக் கவரைத் திறந்த நாள்

மூன்று பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் தகுதிக் கவரிலேயே நின்றுவிட்டார். அவர் காட்டிய கட்டடம் அவர் நிறுவனத்தின் வேலை அல்ல, உறவினர் நிறுவனத்தின் வேலை. மிஞ்சியவர்கள், முன்பு மால் படம் கொண்டுவந்த சேலம் நிறுவனமும், வேறு மாவட்டத்து நிறுவனம் ஒன்றும். வெளியூர் நிறுவனம் என்றே சொல்கிறேன்.

ஆடி ஒன்று, தேங்காய் சுடும் பண்டிகை முடிந்த வாரம். இரு தரப்பும் எதிரில் உட்கார்ந்திருக்க, கவர்கள் திறக்கப்பட்டன.

சேலம் நிறுவனம்: முன்பணம் 6 கோடி, முதல் ஆண்டிலிருந்தே ஆண்டு வாடகை 40 லட்சம். வெளியூர் நிறுவனம்: முன்பணம் ஒன்றரைக் கோடி, ஆண்டு வாடகை 75 லட்சம், ஆனால் கட்டுமானக் காலமான முதல் இரண்டு ஆண்டுக்கு வாடகை கிடையாது. இருவருக்கும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை 15 சதவீத உயர்வு, அது ஆவணத்திலேயே இருந்தது.

யார் உயர்ந்தவர்? அறையில் ஒரு கவுன்சிலர் கால்குலேட்டரில் முப்பது ஆண்டையும் கூட்டினார். சேலம் நிறுவனம் 30 கோடியே 36 லட்சம், வெளியூர் நிறுவனம் 45 கோடியே 68 லட்சம். "பதினஞ்சு கோடி வித்தியாசம், இதுல என்ன யோசனை?" என்றார். தலைவருக்கோ முன்பணம் 6 கோடி பிடித்திருந்தது. கையில் வரும் காசு அது.

இருபத்தெட்டாம் ஆண்டில் வரும் ஒரு ரூபாயும் இன்று வரும் ஒரு ரூபாயும் ஒன்றல்ல. எதிர்காலப் பணத்தை ஏதாவது ஒரு வட்டி விகிதத்தால் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஒப்பிட முடியும். 10 சதவீதத்தில் கழித்தேன். சேலம் நிறுவனம் 11.62 கோடி, வெளியூர் நிறுவனம் 10.73 கோடி. சேலம் நிறுவனம் மேலே. 8 சதவீதத்தில் கழித்தேன். சேலம் நிறுவனம் 13.08 கோடி, வெளியூர் நிறுவனம் 13.43 கோடி. வெளியூர் நிறுவனம் மேலே.

எத்தனை சதவீதத்தில் கழிப்பது என்று ஆவணத்தில் நான் எழுதவே இல்லை. கவர் திறந்த பிறகு அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது, ஆளைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். அறையில் இருந்த யாருக்கும் இது முதலில் புரியவில்லை. புரிந்தவுடன் எல்லாரும் அமைதியானார்கள்.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. வெளியூர் நிறுவனத்தின் கவரை நிபந்தனைக் கவர் என்று தள்ளிவிட்டு சேலம் நிறுவனத்துக்குக் கொடுப்பது. 37-வது பதிலை நம்பித்தான் அவர்கள் அப்படி எழுதினார்கள் என்பதால் இது நீதிமன்றத்தில் ஒரு நாள்கூட நிற்காது. இரண்டாவது, எல்லாவற்றையும் ரத்து செய்து மூன்றாம் முறை அழைப்பது. கடைக்காரர்கள் பொறுமை இழந்திருந்தார்கள், இதுவும் வேண்டாம் என்றானது. மூன்றாவது, தகுதி பெற்ற இருவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, விலைக் கவரை மட்டும் புதிதாகக் கேட்பது.

மூன்றாவதை எடுத்தோம். வழக்கறிஞர் கருத்து வாங்கப்பட்டது, மண்டல அலுவலகம் வழியாக இயக்குநரகத்துக்குக் கோப்பு போய் வந்தது. புதிய விலைப் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான். முன்பணம் எல்லாருக்கும் 3 கோடி என்று நாங்களே நிர்ணயித்தோம். முதல் 24 மாதம் எல்லாருக்கும் வாடகை இல்லை. போட்டியாளர் எழுத வேண்டியது ஆண்டு வாடகை மட்டும். அதிகம் எழுதியவருக்கு இடம். கழிவு விகிதம் என்ற பேச்சே தேவையில்லை. முதலிலேயே இப்படிக் கேட்டிருக்க வேண்டியதுதான்.

சேலம் நிறுவனத்தின் உரிமையாளர் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னது இன்னும் உறுத்துகிறது: "எங்க கையில இருக்கற சீட்டை எதிராளிக்குக் காட்டிட்டு மறுபடி ஆடச் சொல்றீங்க." அவர் சொன்னது சரி. எதிராளியின் சீட்டையும் அவர் பார்த்துவிட்டார் என்பது முழுப் பதில் ஆகாது.

ஆடி கழிந்து ஆவணி முதல் வாரத்தில் கவர் திறந்தது. சேலம் நிறுவனம் 62 லட்சம், வெளியூர் நிறுவனம் 68 லட்சம். சேலம் நிறுவனம் அதே விலைக்கு ஈடுகொடுக்க வாய்ப்புக் கேட்டது; முதலில் திட்டம் கொண்டுவந்தவர்கள் என்ற முறையில். ஆவணத்தில் அப்படி ஒரு உரிமை இல்லை என்பதால் மறுக்கப்பட்டது.

நகராட்சிக்கு இதில் லாபமா? 8 சதவீதத்தில் கழித்தால் புது விலையின் இன்றைய மதிப்பு 13.82 கோடி, முதல் சுற்றின் உயர்ந்த விலையைவிட 39 லட்சம் அதிகம். 10 சதவீதத்தில் 11.37 கோடி; முதல் சுற்றில் சேலம் நிறுவனம் தந்ததைவிட 25 லட்சம் குறைவு. மன்றத்தில் இரண்டு எண்ணையும் வைத்தோம். நல்ல எண்ணை மட்டும் வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது, ஆணையர் சம்மதிக்கவில்லை.

பிறகு நடந்தது

தற்காலிகக் கடைகள் நான்கு மாதத்தில் தயாராயின. 41 பேரும் மாறினார்கள். பெயர் மட்டும் வைத்திருந்தவர்களில் இருவர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கினார்கள். தடை விலக ஏழு மாதம். வாடகை இல்லாத 24 மாதம் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று அப்போது ஒரு தகராறு எழுந்தது. ஒப்பந்த நாள் என்றது நகராட்சி, காலி இடம் கைக்கு வந்த நாள் என்றது நிறுவனம். இடம் காலியாக இல்லாதபோது கட்டு என்று சொல்ல முடியாது. நிறுவனம் சொன்னதே ஏற்கப்பட்டது. ஆண்டுக்கு 68 லட்சம் என்ற கணக்கில் ஏழு மாத வாடகை ஏறத்தாழ 40 லட்சம் அப்படிக் கரைந்தது.

கட்டடம் இப்போது நிற்கிறது. தரைத் தளம் நிரம்பிவிட்டது. முதல் மாடியில் ஒரு ஜவுளிக் கடை. இரண்டாம் மாடி பாதிக்கு மேல் காலி. ஆனால் அந்த நட்டம் நிறுவனத்துடையது, வாடகை குறையாமல் வருகிறது. தையல் கடை அம்மா ஏலத்தில் கலந்துகொண்டு பழைய கடையைவிடச் சிறிய கடை ஒன்றை எடுத்தார். மாதம் 6,500. முன்பு உள்வாடகைக்குக் கொடுத்ததைவிடக் குறைவு, ரசீதும் உண்டு.

ஓடை திறந்திருக்கிறது. குப்பை விழாமல் இருக்கக் கம்பி வலை போட வேண்டும் என்பதை யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. இப்போது யார் போடுவது என்று கடிதப் போக்குவரத்து நடக்கிறது.

இன்னொரு முறை செய்தால்

நில ஆவணமும் கடைக் கணக்கும் முடியும் வரை எந்த விளம்பரமும் கொடுக்க விட மாட்டேன். அதற்கு முன்பே விளம்பரம் கொடுத்ததில்தான் எட்டு மாதம் போயிற்று. விலைக் கவரில் போட்டியாளர் நிரப்பும் கட்டம் ஒன்றுக்கு மேல் இருந்தால், எப்படி ஒப்பிடுவோம் என்ற கணக்கை, கழிவு விகிதத்தோடு, அதே பக்கத்தில் அச்சடிப்பேன். கற்பனை எண்களைப் போட்டு மூன்று விதமான கவர்களை நாங்களே தயாரித்து, குழுவை உட்காரவைத்து ஒரு முறை மதிப்பிட்டுப் பார்க்கச் சொல்வேன். அரை நாள் வேலை. பிரீ-பிட் பதில்களை எழுதியவரே சரிபார்க்கக் கூடாது. உள்வாடகைக்கு விட்டவர்களின் வழக்கு வரும் என்று தெரிந்தே இருந்தது. தாமதத்தின் செலவு யாருடையது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த 40 லட்சத்தில் பாதியாவது பேசித் தீர்ந்திருக்கும்.

சந்தை மேடை கிழக்குப் பார்த்துத்தான் கட்டப்பட்டது. போன மாதம் போனபோது பூக்கார அம்மா காலை வெயிலுக்குக் குடை கட்டியிருந்தார். சாயங்காலம் பரவாயில்லையா என்று கேட்டேன். "சாயங்காலம் நல்லாருக்குது சாமி. ஏவாரம் காலைல தான் இப்ப" என்றார். பேருந்து நிற்கும் இடத்தை மாற்றியதில் கூட்டத்தின் நேரமும் மாறியிருக்கிறது. அதை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.